அட்மின் லேப்டாப்புக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? ஓசூர் ஃபேக்டரிகளும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களும்

[எபிசோடின் ஒலி வடிவத்தை எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.]

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான். ஓசூர் சிப்காட்ல ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சிஸ்டம் அட்மினா இருக்கிற நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பெங்களூரு தலைமை அலுவலகத்திலிருந்து புதுசா ஒரு பாலிசி வந்திருக்கு. யாரும் பிரவுசர்ல சொந்தமா எக்ஸ்டென்ஷன் போடக்கூடாது, அட்மின்களும்தான். அவருக்குச் செம கோபம். "அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்களுக்குப் பூட்டுங்க ப்ரோ, ஒத்துக்கறேன். எது ஆபத்துன்னு தெரிஞ்ச எனக்கே ஏன் பூட்டு?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். பூட்டு போட வேண்டிய முதல் மெஷின் அவருடையதுதான். அவர் பக்கமும் நியாயம் இருக்கு, அதுக்கும் வர்றேன்.

அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம். எக்ஸ்டென்ஷனை நிறைய பேர் பிளக்-இன்னு சொல்வாங்க, அது ஃப்ளாஷ் காலத்துப் பேர். இன்னைக்கு நாம பேசறது க்ரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ்ல அட்ரஸ் பாருக்குப் பக்கத்துல குட்டி ஐகானா உட்கார்ந்திருக்குமே, அது. விளம்பரத்தைத் தடுக்க ஒண்ணு, ஸ்க்ரீன்ஷாட் எடுக்க ஒண்ணு, ஜேசனை அழகா அடுக்கிக் காட்ட ஒண்ணு, தமிழ்ல டைப் பண்ண ஒண்ணு. எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதின சின்ன புரோகிராம்கள்தான். ஆனா அது ஓடுற இடம் முக்கியம். நீங்க லாகின் பண்ணி உள்ளே போன பிறகு, அந்தப் பக்கத்துக்குள்ளேயே நின்னு ஓடும்.

இன்ஸ்டால் பண்ணும்போது க்ரோம் ஒரு பெட்டியைக் காட்டும். எல்லா வெப்சைட்லயும் இருக்கிற உங்க தகவலைப் படிக்கவும் மாற்றவும் இதுக்கு அனுமதி தரலாமா என்று கேட்கும். படிக்காமலே ஓகே அடிச்சிருப்போம். அந்த வாக்கியத்தில் கொஞ்சம்கூட மிகை கிடையாது. பக்கத்தில் தெரிவதைப் படிக்கும், ஃபார்மில் நீங்கள் டைப் பண்ணுவதைப் பார்க்கும், நினைத்தால் உங்களுக்குப் பதிலாக பட்டனையும் அழுத்தும். குக்கி அனுமதியையும் சேர்த்து வாங்கியிருந்தால் செஷன் குக்கியையும் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண வெப்சைட் ஸ்கிரிப்ட் தொட முடியாத 'ஹெச்டிடிபி ஒன்லி' குக்கியைக்கூட எக்ஸ்டென்ஷன் படிக்க முடியும்.

செஷன் குக்கின்னா, லாகின் முடிஞ்ச பிறகு சர்வர் உங்க பிரவுசர்கிட்ட கொடுக்கிற டோக்கன். பாஸ்வேர்ட், ஓடிபி எல்லாம் கேட்டு, சரிபார்த்து, அதுக்கப்புறம்தான் அதைத் தரும். அது களவு போனா திருடனுக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். "எங்ககிட்ட டூ-ஃபேக்டர் இருக்கே" என்கிற தைரியம் பெரும்பாலும் இந்த இடத்தில் செல்லாது.

அட்மினோட ஜன்னல்

ஓசூர் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டினா ஜூஜூவாடி, அப்படியே சிப்காட். அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன்னு பெரிய பேர்கள் இங்கே வந்து பல பத்து வருஷம் ஆச்சு. இப்போ தொழிற்பேட்டைகள் சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரைக்கும் பரவிடுச்சு. அந்த மாதிரி பெரிய கம்பெனிகளுக்கு செக்யூரிட்டிக்குன்னே ஆட்கள் இருப்பாங்க. இன்னைக்குப் பேச்சு அவங்களைப் பற்றி இல்லை. அவங்களுக்குப் பார்ட்ஸ் செய்து தரும் நூற்றுக்கணக்கான நடுத்தர, சின்ன ஃபேக்டரிகளைப் பற்றி. மெஷினிங், பிரஸ் ஷாப், டை காஸ்டிங், ரப்பர். அங்கே ஐடி டீம்னா ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர். நெட்வொர்க்கும் அவரே, சர்வரும் அவரே, பிரிண்டருக்கு டோனர் மாத்தறதும் அவரே.

அவர் க்ரோம்ல காலை ஒன்பது மணிக்கு என்னென்ன திறந்திருக்கும்? ஃபயர்வால். மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டர். வீசென்டர். சர்வரோட ஐடிராக் இல்லேன்னா ஐஎல்ஓ. பேக்கப் கன்சோல். சிசிடிவி ரெக்கார்டர், பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ், வாடிக்கையாளர் கம்பெனியோட சப்ளையர் போர்டல். ஒரு காலத்தில் இதுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சாஃப்ட்வேர் இருந்தது. இப்போ எல்லாமே பிரவுசருக்குள்ள வந்துடுச்சு. பக்கத்து டேப்ல யூடியூப், நௌக்ரி, சொந்த ஜிமெயில். எல்லாம் ஒரே பிரவுசர், ஒரே புரொஃபைல்.

அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற அக்கா ஒரு மோசமான எக்ஸ்டென்ஷன் போட்டா, அவங்க பார்க்கிற பக்கங்களை அது பார்க்கும். அதுவே பெரிய நஷ்டம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அட்மின் பிரவுசர்ல உட்கார்ந்திருக்கிற எக்ஸ்டென்ஷனுக்குத் தெரியறது, புது யூசரை உருவாக்கற பக்கம், ஃபயர்வால் ரூலை மாத்தற பக்கம், பேக்கப்பை அழிக்கற பக்கம். அட்மினுக்கு விஷயம் தெரியாதுன்னு யாரும் சொல்லலை. அவர் ஜன்னல் வழியா தெரியறது அதிகம், அவ்வளவுதான்.

இந்த ஊர்ல பேக்கப் போறதுன்னா என்ன அர்த்தம்னு ஓசூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜஸ்ட்-இன்-டைம்ல வேலை பார்க்கிற வாடிக்கையாளர் நாள்கணக்கில் ஸ்டாக் வைக்கமாட்டார். ஏஎஸ்என் போடாம, லேபிள் அடிக்காம லாரி கேட்டைத் தாண்டாது. சிஸ்டம் படுத்தா முதல்ல நிக்கறது டிஸ்பாட்ச். அன்னைக்கு ஷிப்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அது தெரிஞ்சுடும்.

கேட் பாஸ்

இங்கே ஃபேக்டரி கேட்ல எவ்வளவு கறார்னு பாருங்க. வெளியாள் லேப்டாப் கொண்டுபோனா சீரியல் நம்பரை ரிஜிஸ்டர்ல எழுதணும். செல்போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. டூல் பாக்ஸ்ல எத்தனை ஸ்பானர் உள்ளே போச்சு, எத்தனை வெளியே வந்ததுன்னுகூட எண்ணுவாங்க.

எக்ஸ்டென்ஷன் இந்த கேட் வழியா வரலை. அதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கு. ஒரு காண்ட்ராக்டருக்கு கேட் பாஸ் கொடுத்தா, நாளைக்கும் அதே ஆள்தான் வரணும். எக்ஸ்டென்ஷன் தானாவே அப்டேட் ஆகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை க்ரோம் போய்ப் பார்த்து, புது வெர்ஷன் இருந்தா சத்தமில்லாம இறக்கிடும். புதுசா கூடுதல் அனுமதி கேட்டால்தான் நிறுத்தி உங்களைக் கேட்கும். எல்லா சைட்டையும் படிக்கிற அனுமதியை முதல் நாளே வாங்கினவன் இனி எதைக் கேட்கணும்? அதாவது போட்டோ இல்லாத கேட் பாஸ். இன்னைக்கு வந்தவர் நல்லவர். நாளைக்கு அதே பாஸை வேற ஆள் பிடிச்சுட்டு வருவான்.

நம்ம நேயர், "எது ஆபத்துன்னு எனக்குத் தெரியும்"ங்கிறார். இன்ஸ்டால் பண்ற அன்னைக்கு அவருக்குத் தெரியும், நானும் நம்பறேன். நாளைய வெர்ஷனைப் பற்றி யாருக்கும் தெரியாது, எழுதினவங்களுக்கே தெரியாமல்கூட போகலாம். அப்படி ஒண்ணு நடந்தது.

கிறிஸ்துமஸ் அன்று நடந்தது

சைபர்ஹேவன்னு ஒரு அமெரிக்க கம்பெனி. அவங்க தொழிலே மற்ற கம்பெனிகளின் தகவல் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்வது. அதுக்கு அவங்களே ஒரு க்ரோம் எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தார்கள், சுமார் 4 லட்சம் பேர் பயன்படுத்தினது.

2024 டிசம்பர் 24. அந்த கம்பெனி ஊழியர் ஒருத்தருக்கு மெயில் வந்தது. க்ரோம் வெப் ஸ்டோர் அனுப்பின மாதிரியே இருந்தது. உங்க எக்ஸ்டென்ஷன் விதிகளை மீறுது, ஸ்டோரிலிருந்து எடுக்கப்போறோம் என்பது விஷயம். பதறிக்கொண்டு லிங்கை அழுத்தினால், கூகுளுடைய உண்மையான அனுமதிப் பக்கம் வந்தது. போலி லாகின் பக்கம் இல்லை, அசல் கூகுள் பக்கம். ஒரு ஆப், எக்ஸ்டென்ஷனை நிர்வகிக்க அனுமதி கேட்டது. அந்த ஆப்போட பேர் 'பிரைவசி பாலிசி எக்ஸ்டென்ஷன்'. அவர் அனுமதி கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. பாஸ்வேர்ட் திருடப்படவில்லை. அவர் அக்கவுண்டில் மல்டி-ஃபேக்டர் இருந்தது, கூகுளின் அட்வான்ஸ்டு புரொடெக்ஷனும் இருந்தது. எதுவுமே குறுக்கே வரவில்லை, ஏன்னா யாரும் லாகின் பண்ணவே இல்லை. அனுமதி மட்டும் கைமாறியது.

அந்த அனுமதியை வைத்து திருடர்கள் 24.10.4 என்ற புது வெர்ஷனை ஸ்டோரில் ஏற்றினார்கள். ஸ்டோரின் வழக்கமான பரிசோதனையிலும் அது தேறிவிட்டது. நம்ம நேரப்படி டிசம்பர் 25 காலை 7 மணியிலிருந்து மறுநாள் காலை 8:20 வரை அந்த வெர்ஷன் உயிரோடு இருந்தது. அதற்குள் அப்டேட் ஆன பிரவுசர்களிலிருந்து குக்கிகளும் டோக்கன்களும் போயின. குறிப்பாக ஃபேஸ்புக் விளம்பர அக்கவுண்டுகள்தான் அவர்கள் குறி. கம்பெனி கண்டுபிடித்து ஒரு மணி நேரத்துக்குள் அதை நீக்கிவிட்டது. சீக்கிரம் பிடிச்சாங்க, வெளிப்படையா விவரம் வெளியிட்டாங்க, அதைப் பாராட்டணும்.

அப்புறம் தோண்டிப் பார்த்தால் இது தனிச் சம்பவம் இல்லை. இதே மாதிரி 30க்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் கைமாறியிருந்தன. எல்லாம் சேர்த்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள்.

இதை எங்கிட்ட சொன்ன ஒரு நண்பர், "ஃபேஸ்புக்தானே, நமக்கென்ன?"ன்னார். அன்னைக்குத் திருடனுக்கு ஃபேஸ்புக் வேணும்னு இருந்தது, அதைத் தேடினான். அதே குறியீட்டில் தேடும் முகவரியை மாத்தி மைக்ரோசாஃப்ட் அட்மின் சென்டர்னு போட எவ்வளவு நேரம் ஆகும்?

கைமாற திருட்டே நடக்கணும்னு அவசியமும் இல்லை, விற்கவும் செய்வாங்க. தி கிரேட் சஸ்பெண்டர் ஞாபகம் இருக்கா? நிறைய டேப் திறந்து வைக்கிறவங்களுக்கு ரேம் மிச்சப்படுத்தித் தந்தது. 20 லட்சம் பயனர்கள். அட்மின்களுக்கும் டெவலப்பர்களுக்கும் செல்லப்பிள்ளை, ஏன்னா 60 டேப் திறந்து வைக்கிற ஜாதி நாமதான். 2020ல் அதை எழுதியவர் இன்னொருத்தருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று சொல்லி கூகுள் அதை எடுத்துவிட்டது. இதுக்கு முந்தின வருஷங்களில், 2019ல், டேட்டாஸ்பை என்ற பெயரில் வெளிவந்த ஆய்வில் எட்டு எக்ஸ்டென்ஷன்கள் சிக்கின. பயனர் போகும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் தலைப்பையும் சேகரித்து அனுப்பியவை அவை. கம்பெனிக்குள் மட்டும் தெரியவேண்டிய பக்கங்களின் முகவரிகளும் அதில் இருந்தன. பாஸ்வேர்ட் போகலை. ஆனா உங்க சர்வர்களோட பேர், டிக்கெட் தலைப்புன்னு வெளியே போனா, உங்க நெட்வொர்க் வரைபடத்தை நீங்களே வரைஞ்சு கொடுத்த மாதிரி.

நம்ம நாட்டு சிஇஆர்டி-இன் அமைப்பும் 2020லேயே இதைப் பற்றி எச்சரிச்சிருக்கு. கூகுள் 106 எக்ஸ்டென்ஷன்களை நீக்கின சமயம் அது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிறது, கிளிப்போர்டைப் படிக்கிறது, குக்கியிலிருந்து டோக்கன் எடுக்கிறதுன்னு அவை என்னென்ன செய்யும் என்ற பட்டியலும் அந்த எச்சரிக்கையில் இருந்தது.

லாகில் யார் பேர்?

இது வரைக்கும் சொன்னது கம்பெனிக்கு வர்ற நஷ்டம். நம்ம நேயருக்கு நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது வேற. அவருக்கே வர்ற நஷ்டம்.

எக்ஸ்டென்ஷன் உங்க பிரவுசருக்குள்ளிருந்து ஒரு பட்டனை அழுத்தினா, சர்வர் லாகில் என்ன பதிவாகும்? உங்க யூசர் ஐடி. உங்க ஐபி. உங்க லேப்டாப். நேரம், ராத்திரி 11:40. நீங்க அன்னைக்கு லேப்டாப்பை மூடாம, வீட்டுக்குக் கிளம்பியிருப்பீங்க. மறுநாள் விசாரணைன்னு உட்கார்ந்தா, எல்லா ஆதாரமும் உங்களைக் காட்டும். "நான் பண்ணலை சார்"ங்கிறதைத் தவிர உங்க கையில எதுவும் இருக்காது. நிறைய ஃபேக்டரிகளில் அட்மின் நேரடி ஊழியர்கூட இல்லை, ஏஜென்சி மூலமா வந்தவர். யார் மேல பழி விழும்னு நான் சொல்லணுமா?

நேரமும் குறைவு. 2022 ஏப்ரல் 28ல் வந்த சிஇஆர்டி-இன் உத்தரவுப்படி, இப்படி ஒரு ஊடுருவல் கவனத்துக்கு வந்தா 6 மணி நேரத்துக்குள் அவங்களுக்குத் தெரிவிக்கணும். லாக்கை 180 நாள் வைத்திருக்கணும். அந்த 6 மணி நேரத்துல உங்க பிரவுசர்ல என்னென்ன எக்ஸ்டென்ஷன் இருந்தது, எப்போ அப்டேட் ஆச்சுன்னு காட்ட ஒரு ரெக்கார்ட் இருந்தா, அது உங்களைத்தான் காப்பாத்தும். பூட்டு உங்களை நம்பாததால வந்ததுன்னு நினைக்காதீங்க. உங்க பேர்ல வேற ஒருத்தன் கையெழுத்துப் போட முடியாதபடி வைக்கிறது அது.

சரி, எப்படிப் பூட்டறது?

க்ரோம்ல இதுக்கான வசதி எல்லாம் ஏற்கெனவே இருக்கு, காசு கொடுத்து வாங்க வேண்டாம். மெஷின்கள் டொமைன்ல இருந்தா குரூப் பாலிசி. டொமைன் இல்லேன்னா க்ரோம் எண்டர்பிரைஸ் கோர், அதுவும் இலவசம். எட்ஜ்லயும் கிட்டத்தட்ட அதே பேர்ல அதே செட்டிங்ஸ் இருக்கும். எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் பிளாக்லிஸ்ட்னு ஒரு பாலிசி. அதுல ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டா எல்லாமே தடை. ஏற்கெனவே போட்டு வச்சதும் செயலிழந்துடும். அப்புறம் அலௌலிஸ்ட்ல, தேவையானதோட 32 எழுத்து ஐடியை மட்டும் சேர்க்கணும். பேரைப் பார்த்துச் சேர்க்காதீங்க, ஒரே பேர்ல பத்து இருக்கும். ஐடிதான் அசல்.

இதுவரைக்கும் நிறைய பேர் செய்யறாங்க. அதிகம் பேர் தொடாத ஒண்ணு இருக்கு, எனக்குப் பிடிச்சது அதுதான். எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸ் என்ற பாலிசிக்குள் 'ரன்டைம் பிளாக்டு ஹோஸ்ட்ஸ்'னு ஒரு வரி. அனுமதிச்ச எக்ஸ்டென்ஷனாவே இருந்தாலும், இந்த முகவரிகளில் மட்டும் அது எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லலாம். ஃபயர்வால், வீசென்டர், அட்மின் சென்டர், பேக்கப், சப்ளையர் போர்டல் முகவரிகளை அங்கே எழுதிடுங்க. நாளைக்கு அந்த எக்ஸ்டென்ஷன் கைமாறினாலும் இந்தக் கதவுகள் அதுக்குத் திறக்காது. அரை மணி நேர வேலை.

போட்டது வேலை செய்யுதான்னு பார்க்க, அட்ரஸ் பார்ல க்ரோம், கோலன், ரெண்டு ஸ்லாஷ், பாலிசின்னு அடிச்சுப் பாருங்க. எந்தெந்த பாலிசி அமலில் இருக்குன்னு வரிசையாக் காட்டும். அந்தப் பக்கம் காலியா இருந்தா, உங்க கம்பெனி பாலிசி பிடிஎஃப்ல மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம்.

ரெண்டு ஓட்டைகளை மட்டும் சொல்லிடறேன். முதல் ஓட்டை, இன்னொரு பிரவுசர். க்ரோமைப் பூட்டிட்டு ஃபயர்பாக்ஸைத் திறந்து விட்டா பிரயோஜனம் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் தனியா பாலிசி வைக்கணும், வைக்க முடியாததை ஓடவே விடக்கூடாது. அடுத்தது சிங்க். அட்மின் ஆபீஸ் க்ரோம்ல சொந்த ஜிமெயில் போட்டு சிங்க்கை ஆன் பண்ணா, வீட்டு கம்ப்யூட்டர்ல பையன் போட்ட எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் லேப்டாப்புக்கும் நடந்தே வந்துடும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல லாரியை நிறுத்தலாம், இதை நிறுத்த முடியாது. சிங்க்கை பாலிசியிலேயே நிறுத்திடுங்க.

வீட்டு கம்ப்யூட்டர்னு சொல்லும்போது லாஸ்ட்பாஸ் கதையை விட முடியாது. எக்ஸ்டென்ஷன் சம்பவம் இல்லை, ஆனா பாடம் ஒண்ணுதான். 2022ல் அவங்க முக்கியமான சாவிகள் நாலே நாலு பொறியாளர்களிடம்தான் இருந்தன. தாக்கினவர்கள் அதில் ஒருத்தரின் வீட்டு கம்ப்யூட்டரைப் பிடித்தார்கள். அதில் இருந்த ஒரு மீடியா சாஃப்ட்வேரின் ஓட்டை வழியாக நுழைந்து, கீலாகர் வைத்து, மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்தார்கள். ஆயிரம் ஊழியர்களைத் தேடிப் போகலை, சாவி இருக்கிற நாலு பேரில் ஒருத்தரைத் தேடிப் போனாங்க.

நேயர் பக்கத்து நியாயம்

இப்போ மறுபக்கம். தலைமை அலுவலகம் எல்லாத்தையும் ஒரே நட்சத்திரக் குறியால மூடிட்டு, ஒண்ணைக்கூட அனுமதிக்கலைன்னா, அது சோம்பேறித்தனமான பாலிசி.

உதாரணம், ஆட் பிளாக்கர். அட்மின் தினமும் டூல்ஸ் தேடி இறக்குற ஆள். புட்டி, வின்எஸ்சிபி, ஐபி ஸ்கேனர். தேடினா முதல்ல வர்றது விளம்பரம். அந்த விளம்பர இடத்தையே வாங்கி, அசல் மாதிரியே போலி சைட் வைத்து, மால்வேர் சேர்த்த புட்டியையும் வின்எஸ்சிபியையும் கொடுத்திருக்காங்க. குறி வைத்ததே அட்மின்களைத்தான், வேற யார் புட்டி தேடப்போறா? அமெரிக்க எஃப்பிஐ அமைப்பே 2022 டிசம்பரில், தேடும்போது ஆட் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துங்கன்னு பொதுமக்களுக்குச் சொன்னது. அதனால எக்ஸ்டென்ஷன்னாலே ஆபத்துன்னு பேசறவங்ககூட எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நல்ல ஆட் பிளாக்கரை கம்பெனியே தேர்ந்தெடுத்து, எல்லா மெஷின்லயும் தானா இறங்கற மாதிரி வைக்கலாம்.

இன்னொண்ணு மொழி. நம்ம ஃபேக்டரி நோட்டீஸ் போர்டுல தமிழ், கன்னடம், ஹிந்தின்னு மூணு மொழியாவது வேணும். ஹெச்ஆர்ல கேட்டா, மொழிபெயர்ப்பு எக்ஸ்டென்ஷன் இல்லாம வேலையே ஓடாதுன்னு சொல்வாங்க. தேவை நிஜம். ஆனா மொழிபெயர்க்கிற எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் இருப்பதைத் தன் சர்வருக்கு அனுப்பித்தான் பெரும்பாலும் மொழிபெயர்க்கும். சம்பளப் பட்டியல் திறந்திருக்கிற டேப்ல அது ஓடணுமா? பிரவுசரிலேயே இருக்கிற வசதியோ, தனியா திறக்கிற மொழிபெயர்ப்புப் பக்கமோ போதும்.

அட்மினுக்கு என் யோசனை, ரெண்டு பிரவுசர். ஒண்ணு வெளி உலகத்துக்கு. அதுல ஆட் பிளாக்கர், ஜேசன் வியூவர், கம்பெனி அனுமதிச்ச எதுவும் இருக்கட்டும். இன்னொண்ணு நிர்வாகப் பக்கங்களுக்கு மட்டும். அதுல எக்ஸ்டென்ஷன் சுத்தமா பூஜ்யம், கூகுள் தேடல்கூட வேண்டாம். ஃபயர்வால் பக்கத்துல விளம்பரம் வராது, அங்கே ஆட் பிளாக்கருக்கு வேலையும் இல்லை. பாஸ்வேர்ட் மேனேஜரை இதுல எக்ஸ்டென்ஷனா போடாம, தனி ஆப்பா திறந்து பயன்படுத்தறதுதான் என் விருப்பம். கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கும். இதையெல்லாம் அமைக்க நேரம் இல்லாதவங்க, இன்னைக்கே க்ரோமோட கெஸ்ட் மோட்ல நிர்வாகப் பக்கங்களைத் திறக்க ஆரம்பிங்க. அதுல நீங்க போட்ட எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது.

காசு இருந்தா தனி மெஷினே வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் இதை பிரிவிலேஜ்டு ஆக்சஸ் வொர்க்ஸ்டேஷன்னு சொல்லுது. மெயில் கிடையாது, பிரவுசிங் கிடையாது, நிர்வாகம் மட்டும். பழைய மினி பிசி ஒண்ணு போதும். சிலர் தங்கள் தினசரி லேப்டாப்புக்குள்ள ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதுக்குள்ள நிர்வாக வேலை பண்றாங்க. அது தலைகீழ். வெளியே இருக்கிற மெஷின்ல கீலாகர் இருந்தா உள்ளே டைப் பண்றதும் அதுக்குத் தெரியும். சுத்தமான மெஷின் வெளியே இருக்கணும், பிரவுசிங்தான் விர்ச்சுவல் மெஷினுக்குள்ள போகணும்.

கடைசியா யார் அனுமதி தர்றது என்ற கேள்வி. சின்ன ஃபேக்டரியில் பாலிசி எழுதறவர் அட்மின், அமல்படுத்தறவர் அட்மின், விதிவிலக்கு குரூப்பில் தன்னைச் சேர்த்துக்கறவரும் அட்மின். தனியாளா இருக்கும்போது வேற வழியில்லைன்னு தோணும். வழி இருக்கு. அலௌலிஸ்ட்ல ஒண்ணைச் சேர்க்கணும்னா பிளான்ட் ஹெட்டுக்கோ ஃபைனான்ஸ் மேனேஜருக்கோ ஒரு மெயில். அவங்களுக்கு டெக்னிக்கலா எதுவும் தெரிய வேண்டாம். இது எதுக்கு, யார் எழுதினது, எந்தெந்த சைட்டைப் படிக்கும், இது இல்லாம வேலை நடக்காதா, இவ்வளவு கேட்டா போதும். நாலு வரியில் பதில் எழுத முடியலைன்னா அந்த எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. தலைமை அலுவலகமும் இதுக்கு ரெண்டு நாளுக்குள்ள பதில் சொல்லணும். மூணு வாரம் இழுத்தா, எந்த அட்மினும் போர்ட்டபிள் பிரவுசர் ஒண்ணை பென் டிரைவ்ல கொண்டு வந்துடுவார். அதுக்கு அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

மூணு மாசத்துக்கு ஒருமுறை அந்த அலௌலிஸ்ட்டை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்க. யாரும் பயன்படுத்தாதது, எழுதினவர் கைமாறினது, ஸ்டோரிலிருந்தே காணாமப் போனது எல்லாம் இருக்கும். எடுத்துடுங்க. அட்மின் வேலையை விட்டுப் போகும்போது அக்கவுண்டை மூடறதோட, அவர் செஷன்களையும் சர்வர் பக்கத்திலிருந்து ரத்து பண்ணுங்க. பாஸ்வேர்ட் மாத்தினாலும் பழைய டோக்கன் சில இடங்களில் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும்.

அடுத்த எபிசோட்ல ஃபேக்டரி வைஃபையைப் பற்றிப் பேசலாம். கேண்டீன் நெட்வொர்க்கும் மெஷின் நெட்வொர்க்கும் ஒரே ஸ்விட்ச்ல இருக்கிற இடங்களிலிருந்து நிறைய வாய்ஸ் நோட் வந்திருக்கு.